மினியேச்சருக்கு ரத்தம்: எந்தப் பாட்டிலை வாங்கலாம்?

என் மேசையில் இப்போது நாற்பது ஜாம்பிகள் நிற்கின்றன. மாடி வீட்டுத் தம்பி போர்டு கேம் ஒன்றுக்காக வாங்கிய 28 மி.மீ. பிளாஸ்டிக் மினியேச்சர்கள். பிரைமர் அடித்து, சாம்பலும் பச்சையும் கலந்த தோல், கிழிந்த சட்டை, அழுக்குப் பேன்ட் என்று எல்லாவற்றையும் அவனே பூசியிருக்கிறான். முதல் முயற்சிக்கு மிக நன்றாக வந்திருக்கிறது. ரத்தம் பூச வேண்டிய கட்டத்தில் கை நின்றுவிட்டது. "அண்ணா, நாலு கம்பெனி பாட்டில் பார்த்தேன். நாலுலயும் ரத்தம்னுதான் எழுதியிருக்கு. எதை வாங்குறது?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. ரத்தம் கடைசியாகச் செய்கிற வேலை. பல மணி நேரம் உட்கார்ந்து பூசிய பொம்மை அந்த ஐந்து நிமிடத்தில் உயிர் பெறும், இல்லையென்றால் தக்காளி சாஸ் கொட்டினது மாதிரி ஆகிவிடும். அதனால் அவனுக்குச் சொன்னதை விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம் ஆன ரத்தம்?

பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவர்களுக்கு விடை தெரியும். முதலில் வருவது நல்ல சிவப்பு, கண்ணாடி மாதிரி மினுங்கும். சில நிமிடங்களில் கெட்டியாகிக் கறுக்க ஆரம்பிக்கும். விரலைத் துடைத்த துணியைச் சாயங்காலம் பார்த்தால் அதில் சிவப்பே இருக்காது, பழுப்புதான். ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, உடலுக்கு வெளியே வந்தபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து மெத்தீமோகுளோபின் ஆகிறது. அதன் நிறம் பழுப்பு. ஈரம் போகப் போக மினுமினுப்பும் போய்விடுகிறது.

ஆக, பூசுகிறவர் கணக்கில் மூன்று ரத்தம் உண்டு. புதியது: பளிச்சென்ற சிவப்பு, உள்ளே ஒளி ஊடுருவும், பளபளக்கும். உறைந்தது: நாவற்பழத் தோல் மாதிரி கறுத்த சிவப்பு, கெட்டி, பாதி மினுக்கம். காய்ந்தது: பழைய புளியின் நிறம், மினுக்கமே கிடையாது, தோலில் பொருக்காக ஒட்டியிருக்கும்.

கடையில் ரத்தம் என்று விற்கிற பாட்டில்களில் பெரும்பாலானவை முதல் வகையை மட்டும்தான் தருகின்றன. நிஜமாகத் தெரிகிற மினியேச்சரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது அளவு. 28 மி.மீ. பொம்மை என்பது மனித உருவத்தில் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. விரலிலிருந்து தரையில் சொட்டுகிற ஒரு துளி ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவும் என்று வைத்துக்கொண்டால், பொம்மையின் காலடியில் அது கால் மில்லிமீட்டர். சாதாரணமாக நாம் பிரஷால் வைக்கிற புள்ளி அதைவிடப் பெரியது. தரையில் தேங்கிய ரத்தத்தின் ஆழம் நிஜத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால், இங்கே அது ஒரு பெயின்ட் படலத்தின் கனம்தான். ஜாம் மாதிரி மேடாக ஊற்றி வைத்தால் கண் ஏற்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

கையில் ஏற்கெனவே இருப்பது

முதல் தேர்வுக்குக் காசே ஆகாது. எந்த அக்ரிலிக் செட்டிலும் ஒரு கரும்பழுப்பும் ஒரு அடர்சிவப்பும் இருக்கும். சிட்டடெல் கம்பெனி பெயின்ட் வைத்திருப்பவர்களுக்கு ரைனாக்ஸ் ஹைட் என்ற பழுப்பு, கோர்ன் ரெட் என்ற சிவப்பு. இரண்டு பங்கு பழுப்புக்கு ஒரு பங்கு சிவப்பு. மினியேச்சர் பெட்டிக்குள் வருகிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, கலவையில் தொட்டு, டிஷ்யூவில் பெரும்பகுதியை ஒற்றி எடுத்துவிட்டு, மீதியால் பொம்மையைத் தட்டுங்கள். ஓரம் ஒழுங்கில்லாத கறை விழும். பிரஷால் போட்டால் அந்த ஒழுங்கின்மை வராது, கை தானாகவே வட்டம் போடப் பார்க்கும்.

காய்ந்த ரத்தத்துக்கு இதைவிடச் சிறந்த சரக்கு எதுவும் இல்லை என்பது என் முடிவு. ரத்தத்துளி ஓரத்திலிருந்துதான் காயத் தொடங்கும். பாதி காய்ந்த துளியை யாராவது துடைத்தால் நடு அழிந்து வளையம் மட்டும் நிற்கும். கலவையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து துணி மேல் ஒரு சொட்டு வைத்து, ஓரம் பிடித்ததும் நடுவை ஈரப் பிரஷால் ஒற்றி எடுத்தால் அதே வளையம் கிடைக்கிறது. கட்டுத் துணியிலும் கசாப்புக்காரனின் ஏப்ரனிலும் இது ஒன்றிரண்டு இருந்தால் போதும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே நம்பிக்கை வந்துவிடும்.

இதனால் முடியாதது ஈரம். அதற்கு வீட்டுக் கலவை ஒன்று இருக்கிறது: பளபளப்பு வார்னிஷ், அதில் கொஞ்சம் அடர்சிவப்பு அக்ரிலிக் இங்க், ஒரு துளி பழுப்பு. நன்றாகவே வரும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் நிறம் மாறும் என்பதுதான் குறை. ஒரே பொம்மைக்குப் பரவாயில்லை. நாற்பதுக்குக் கலந்தால் முதலாவதும் நாற்பதாவதும் வேறு வேறு ஆளின் ரத்தம் மாதிரி இருக்கும்.

சிட்டடெலின் சிறு டப்பா

கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல் பெயின்ட்களில், டெக்னிக்கல் வரிசையில் வருகிற பிளட் ஃபார் த பிளட் காட்தான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பேர் கேள்விப்பட்ட ரத்தம். 12 மி.லி. டப்பா. தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் என்பதால் மூக்கைத் துளைக்கிற நெடி இல்லை, பிரஷைத் தண்ணீரிலேயே கழுவலாம், கீழே இருக்கிற பெயின்ட்டைக் கரைக்காது. கெட்டியாக இருக்கும், ஒரே இழுப்பில் வேலை முடியும். சின்னப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து பூசுகிற வீட்டில் நான் இதைத்தான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன்.

குறைகளும் உண்டு. மெல்லிசாகப் படர்ந்த இடத்தில் ரோஜாச் சாயல் அடிக்கும். டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசுகிறவர்களே அதிகம் என்பதால் எல்லார் பொம்மையும் ஒரே மாதிரி, நகப்பூச்சு போட்டது போலத் தெரியும். தீர்வு சுலபம்: ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து, குச்சி நுனியளவு கரும்பழுப்பு சேர்த்துக் கலக்குங்கள். நிறம் கனத்துவிடும். இன்னொரு தொல்லை அந்த மடக்கு மூடி. விளிம்பில் பெயின்ட் ஒட்டிக் காய்ந்துவிட்டால் மூடி இறுக்கமாக மூடாது. எங்கள் ஊர் வெயிலில் சில மாதத்திலேயே உள்ளே இருப்பது கெட்டிப்பட்டுவிடுகிறது. வாங்கிய அன்றே சொட்டு மூடி உள்ள சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஆர்மி பெயின்டர், வயெஹோ கம்பெனிகளின் ரத்த வகைகள் எல்லாம் இதே குடும்பம்தான். சொட்டு பாட்டிலில் வருகின்றன, அளவும் கூடுதல். ஊரில் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இவற்றுக்குள் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் ஒரு சொட்டுப் பழுப்பு சேர்த்தபின் என் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

டாமியா கிளியர் ரெட்

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

ஜப்பானின் டாமியா நிறுவனம் தருகிற எக்ஸ்-27 கிளியர் ரெட், ரத்தத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மாடல் கார்களின் பின்விளக்கு போன்ற இடங்களுக்கான ஒளி ஊடுருவும் சிவப்பு. 10 மி.லி. கண்ணாடிப் பாட்டில். ஆனால் ரத்தத்துக்கு இது இவ்வளவு பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிஜ ரத்தத்தின் நிறம் அதன் கனத்தைப் பொறுத்தது. வெள்ளைத் தட்டில் மெல்லிசாகத் தேய்த்தால் இளஞ்சிவப்பு, ஒரு சொட்டாக நின்றால் அடர்சிவப்பு, குட்டையாகத் தேங்கினால் கிட்டத்தட்ட கறுப்பு. சரக்கு ஒன்றுதான், ஒளி உள்ளே போய்த் திரும்பி வருகிற தூரம்தான் மாறுகிறது. கிளியர் ரெட்டும் அதையேதான் செய்கிறது. வாள் விளிம்பில் வழிந்து மெலிந்த இடம் வெளிறியும், கீழே திரண்டு நிற்கிற துளி கறுத்தும் தானாகவே வந்துவிடும். மற்ற பெயின்ட்களில் அந்த வேறுபாட்டை நாமே இரண்டு மூன்று நிறம் கலந்து வரைய வேண்டியிருக்கும்.

தனியாகப் பூசினால் கொஞ்சம் மிட்டாய்ச் சிவப்புதான். அதே வரிசையில் வருகிற எக்ஸ்-19 ஸ்மோக் என்ற ஒளி ஊடுருவும் கறுப்பை ஒரு சொட்டு சேர்த்தால் உறைகிற ரத்தத்தின் நிறம். நான் எப்போதும் மூன்று நிலையாக வைப்பேன்: முதலில் பழுப்பு அக்ரிலிக்கால் பழைய கறை, அதற்குள்ளே கொஞ்சம் சுருங்கிய எல்லையில் ஸ்மோக் கலந்த சிவப்பு, நடுவில் மட்டும் சுத்தமான கிளியர் ரெட். காயம் வெளியிலிருந்து உள்ளே போகப் போக ஈரமாகத் தெரியும்.

இதைக் கையாளக் கொஞ்சம் பழக வேண்டும். பெயரில் அக்ரிலிக் என்றாலும் ஆல்கஹால் வகைக் கரைப்பான் உள்ளது. பாதி காய்ந்த படலத்தின் மேல் மறுபடி பிரஷை ஓட்டினால் கீழே இருப்பது உரிந்து சுருண்டு வரும். ஒரு தடவை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது பூச்சு மறுநாள்தான். அழுத்தித் தேய்த்தால் சிட்டடெல், வயெஹோ அக்ரிலிக்குகளையும் இந்தக் கரைப்பான் இளக வைக்கும். அதனால் பொம்மைக்கு வார்னிஷ் போட்டுக் காயவிட்ட பிறகே தொடவேண்டும். பிரஷைக் கழுவ டாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர், அல்லது எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர்கள் போர்டு துடைக்கப் பயன்படுத்துகிற ஐசோபுரோபைல் ஆல்கஹால். நல்ல பிரஷை இதற்குக் கொடுக்காதீர்கள், பழையது ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த பாட்டில் திறந்திருக்கும்போது அது கூடவே கூடாது.

ஆயில் பெயின்ட்டையும் சிலர் சொல்வார்கள். அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்தால் அற்புதமான ரத்தம் வரும், கரைக்கவும் இழுக்கவும் நிறைய நேரம் கிடைக்கும். பெரிய அளவில், 75 மி.மீ. பொம்மைகளில், முகத்தில் இருக்கிற ஒரு வெட்டுக்காயத்தை மெதுவாக உருவாக்க அது உகந்தது. விளையாட்டு மேசைக்குப் போகிற பொம்மைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. வாங்குவதானால் பர்மனன்ட் அலிசரின் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அசல் அலிசரின் வெளிச்சத்தில் வெளிறிப்போகக்கூடியது.

எதன் மேல் பூசுகிறோம்?

சிட்டடெலா டாமியாவா என்பதைவிட இந்தக் கேள்வி பெரியது. ஒளி ஊடுருவும் சரக்கு என்பதால் கீழே இருக்கிற நிறம் மேலே வந்து பேசும்.

வெள்ளைத் துணி, வெளிறிய தோல்: கவலையே இல்லை, எதைப் பூசினாலும் ரத்தமாகத் தெரியும். குறைத்துப் பூசுவதுதான் அங்கே கஷ்டம்.

வெள்ளி நிற உலோகம்: இங்கேதான் கிளியர் ரெட் காலை வாரிவிடும். அடியில் இருக்கிற மினுக்கம் சிவப்பின் வழியே வந்து, வாள் முழுக்க மிட்டாய்த்தாள் சுற்றியது மாதிரி ஆகிவிடும். முதலில் பழுப்புக் கலவையை ஸ்பாஞ்சால் தட்டி உலோகத்தின் மினுக்கத்தை மறைத்துவிட்டு, அந்தப் பழுப்பின் மேல் மட்டும் ஈர ரத்தம் வையுங்கள். விளிம்பில் அங்கங்கே சுத்தமான எஃகு தெரியட்டும். வெட்டிய வாள் அப்படித்தான் இருக்கும், அடுத்த வெட்டு முந்தையதைக் கொஞ்சம் துடைத்துவிடும்.

கறுப்புக் கவசம்: கிளியர் ரெட் பூசினால் பளபளப்பு தெரியும், சிவப்பு தெரியாது. அடியில் ஒளி ஊடுருவாத ஒரு சிவப்பை வைத்துத்தான் ஆக வேண்டும்.

பச்சைத் தோல்: ஆர்க் என்கிற பச்சைப் பூதம், ஜாம்பி பூசுகிறவர்களுக்கு இது முக்கியம். பச்சைக்கு மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று சேற்று நிறமாகும். கெடுதல் என்று சொல்லமாட்டேன், பழைய ரத்தத்துக்கு அது உதவும். புதிய ரத்தம் வேண்டுமென்றால் அடியில் ஒளி ஊடுருவாத சிவப்பு. சிட்டடெல் ரத்தம் கெட்டி என்பதால் பச்சையின் மேல் அது கிளியர் ரெட்டைவிடக் கொஞ்சம் நன்றாக நிற்கும்.

அப்புறம், ரத்தம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பொம்மையின் நிலை சொல்லும். வாளை ஓங்கி நிற்கிறவனுக்கு அது கைப்பிடியை நோக்கி வழியும். தொங்கவிட்டவனுக்கு நுனியில் திரளும். வீசியதால் தெறித்த துளிகள் நீண்ட வால் வைத்து ஒரே திசையில் போகும். தெறிப்புக்குப் பழைய பல் துலக்கும் பிரஷைக் கட்டைவிரலால் உரசலாம், அல்லது பிரஷில் பெயின்ட்டை எடுத்து அதன் மேல் ஸ்ட்ரா வழியே ஊதலாம். முதலில் காகிதத்தில் இரண்டு முறை தெறித்துப் பாருங்கள். முதல் தெறிப்பில் எப்போதும் பெரிய சொட்டு ஒன்று வந்து முகத்தில் விழும். முகம், கண் இருக்கிற இடத்தை டிஷ்யூவால் மறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

குடலும் நிணமும்

காயத்தைத் தாண்டி உள்ளுறுப்பு வெளியே தெரிகிற பொம்மை என்றால் ரத்த பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் சிவப்பாக அடிப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நிற்கும்போது கவனியுங்கள். குடல் வெளிறிய சாம்பல் கலந்த ரோஜா நிறம். கொழுப்பு மஞ்சள் ஓடிய வெள்ளை. ஈரல் கரும்பழுப்பு. எலும்பு முனை வெள்ளை கூட இல்லை, பால் கலந்த ரோஜா. தசைதான் சிவப்பு, அதிலும் குறுக்கே வெள்ளைச் சவ்வு ஓடும். இந்த நிறங்களைச் சாதாரண அக்ரிலிக்கில் முதலில் பூசி, இடுக்குகளில் மட்டும் அடர்சிவப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், ஓடவிட்டு, கடைசியில் முழுவதற்கும் பளபளப்பு வார்னிஷ். சிவப்பு குறையக் குறையத்தான் பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும்.

குடல் உருவத்தைச் செய்ய கிரீன் ஸ்டஃப் என்கிற நீலமும் மஞ்சளுமான எபாக்சி மாவு உலகமெங்கும் பழக்கத்தில் உள்ளது. பிசைந்தபின் ரப்பர் மாதிரி இழுவை கொடுக்கும், மெல்லிய கயிறாக உருட்டலாம். நம் ஹார்டுவேர் கடை எம்-சீல் அந்த இழுவை இல்லாதது, சீக்கிரம் இறுகிவிடும். தரையில் கிடக்கிற கனமான துண்டுகளுக்கு அது போதும், மெல்லிய குடலுக்கு வேண்டாம்.

பல்லுக்கும் கைக்கும் நடுவே இழை இழையாகத் தொங்குகிற ரத்தம் வேண்டுமா? அதற்கு யூஹூ ஆல் பர்ப்பஸ் பசையும் கிளியர் ரெட்டும். பழைய பிளாஸ்டிக் அட்டையில் ஒரு பட்டாணி அளவு பசை, அதில் இரண்டு சொட்டு கிளியர் ரெட், பல்குச்சியால் கலக்குங்கள். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு அடுத்த படியைச் சொல்லவே வேண்டாம்: கம்பிப் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் சொட்டும், தாமதித்தால் அறுந்துவிடும். சரியான பதத்தில் குச்சியை இழுத்தால் மெல்லிய இழை வரும், ஒரு முனையைப் பல்லில் ஒட்டி மறுமுனையை விரலில் ஒட்டி விட்டுவிடலாம். வெள்ளை ஃபெவிகாலில் இந்த இழை வராது. பசையில் கரைப்பான் இருப்பதால் இதையும் காற்றோட்டத்தில் செய்யுங்கள், விளையாட்டில் அடிக்கடி கை படுகிற பொம்மையில் செய்யாதீர்கள். இழை அறுந்துபோகும்.

யூவி ரெசின் என்கிற திரவப் பிளாஸ்டிக்கில் சிவப்புக் கலந்து புற ஊதா விளக்கொளியில் இறுக வைப்பதும் உண்டு. கத்தி நுனியில் தொங்குகிற ஒற்றைத் துளிக்கு அதைவிட நல்லது இல்லை. அந்த ஒரு துளிக்காக ரெசின், விளக்கு, கையுறை எல்லாம் வாங்க வேண்டும் என்பதால் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கையுறையைத் தவிர்க்க முடியாது.

வார்னிஷ் எப்போது?

இதைத் தப்பாகச் செய்து ஒரு முழுப் படையையே நான் கெடுத்திருக்கிறேன். பன்னிரண்டு பொம்மைக்கும் ரத்தம் பூசி, அழகாக மினுங்குகிறதே என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, பாதுகாப்புக்காக மேட் ஸ்ப்ரே, அதாவது மினுக்கமில்லாத வார்னிஷ், அடித்தேன். அவ்வளவும் செங்கல் பொடி நிறத்துக்குப் போய்விட்டது. அது ஐப்பசி மாதம், மழை விட்ட சாயங்காலம். காற்றின் ஈரத்தில் ஸ்ப்ரேயும் அங்கங்கே வெண்மையாகப் பூத்துவிட்டது. மேலே பளபளப்பு வார்னிஷ் பூசி ஓரளவு மீட்டேன், எல்லாம் திரும்பவில்லை.

வரிசை இதுதான்: பொம்மையை முழுதாகப் பூசுங்கள், காய்ந்த ரத்தக் கறையையும் வையுங்கள், வறண்ட நாளாகப் பார்த்து மேட் வார்னிஷ் போடுங்கள், ஒரு நாள் விடுங்கள், அதன் பிறகு ஈர ரத்தம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சுற்றிலும் மேட்டாக இருந்தால்தான் நடுவில் இருக்கிற ஈரம் ஈரமாகத் தெரியும். டாமியாவின் கரைப்பானிலிருந்து கீழ்ப்பூச்சைக் காப்பதும் அதே வார்னிஷ்தான், ஒரே வேலையில் இரண்டு பலன்.

யாருக்கு எது?

வீட்டில் பிள்ளைகள், மூடிய அறை, நெடி ஆகாதவர்கள்: சிட்டடெலோ அதே குடும்பத்தில் வேறொன்றோ, பழுப்பு கலந்து. முதல் பத்துப் பொம்மை இன்னும் முடியாதவர்கள், காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்: கையில் இருக்கிற பழுப்பும் சிவப்பும், ஒரு பளபளப்பு வார்னிஷும். வேறு எதுவும் வாங்காமலே ஒரு வருடம் ஓட்டலாம். காற்றோட்டமான இடமும் ஒரு பழைய பிரஷும் இருக்கிறவர்கள், ஒரே ஒரு ரத்த பாட்டில்தான் வாங்குவேன் என்பவர்கள்: எக்ஸ்-27. என் பெட்டியில் இருப்பது இதுதான், கூடவே ஒரு ஸ்மோக். காட்சிக்கு வைக்கிற பெரிய பொம்மைக்கு ஆயிலும் ரெசினும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் போன்ற நிஜப் போர்களின் வீரர்களைப் பூசும்போது நான் ஈர ரத்தம் வைப்பதில்லை. காயக்கட்டில் ஒரு பழுப்புக் கறை, அவ்வளவுதான். ஜாம்பியும் பூதமும் யாருடைய அப்பாவும் இல்லை. அந்தச் சிப்பாய்கள் அப்படி இல்லை. இது விதி கிடையாது, என் மனசுக்குப் பட்டது. மற்றவர்கள் அவரவர் முடிவை எடுக்கட்டும்.

சரி, தம்பியின் நாற்பது ஜாம்பிகளுக்கு வருவோம். பாட்டிலைக் கேட்டவனிடம் நான் திருப்பிக் கேட்டது: "இதுங்க செத்து எத்தனை நாளாச்சு?" கொஞ்சம் யோசித்தான். இதயம் துடிக்காத உடம்பிலிருந்து ரத்தம் பீறிடாது. அதுகளின் சொந்தக் காயம் எல்லாம் பழையவை, காய்ந்தவை, பழுப்பு. புதிய ரத்தம் இருக்கக்கூடிய இடம் இரண்டே இரண்டு: கடித்த வாய், பிய்த்த விரல்கள். அது அதுகளின் ரத்தமும் இல்லை.

அதனால் அன்று சாயங்காலம் அவனிடம் இருந்த பழுப்பையும் சிவப்பையும் கலந்து, ஸ்பாஞ்சால் நாற்பதையும் தட்டி முடித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் மேட் வார்னிஷ். அதற்கடுத்த நாள் என் எக்ஸ்-27-ஐ எடுத்து, அடியில் கொஞ்சம் அடர்சிவப்பு வைத்த வாய்களிலும் விரல் நுனிகளிலும் மட்டும் வைத்தான். ஆறு பொம்மைக்கு வாயிலிருந்து மோவாய் வழியே சட்டைக் காலர் வரை ஒரு வழிசல். மீதிக்கு அதுவும் இல்லை. பாட்டிலில் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. இப்போது அவன் நர்ஸ் உடுப்பு போட்ட ஒரு ஜாம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை ஏப்ரனில் அந்த வளையக் கறையை ஒற்றி எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறான்.